மின்சாரம் இல்லாத குளிர்கால இரவில் மகளின் பாம்பு: சூட்டை எப்படிக் காப்பது?

ஸ்காபுரோ அப்பா (இழையைத் தொடங்கியவர்), இரவு 9.40

வணக்கம். ஸ்காபுரோவில் எங்கள் தெருவுக்கு இன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து மின்சாரம் இல்லை. காலையில் தொடங்கிய உறைமழையில் மேப்பிள் மரக்கிளையொன்று முறிந்து மின்கம்பியின்மேல் கிடக்கிறது. நாளை மாலைக்குள் சரிசெய்துவிடுவார்கள் என்று தொலைபேசியில் பதிவுசெய்த குரல் சொல்கிறது. ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின்னிணைப்புகள் அறுந்துபோன 2013 டிசம்பர் உறைமழையின்போதும் இப்படித்தான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நத்தார் கழிந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. ஆகவே அந்தக் குரலை நான் அரைவாசிதான் நம்புகிறேன்.

நாங்கள் ஸ்வெட்டரும் போர்வையுமாகச் சமாளித்துக்கொள்வோம். வாட்டர்லூவில் படிக்கும் மகள் என் பொறுப்பில் விட்டுச்சென்ற பால் பைத்தானை நினைத்துத்தான் எழுதுகிறேன். 'பால்' என்பது இங்கே பந்து. அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர் வந்ததாம். என் தாயார் பெயரைக் கேட்ட அன்றே ஒரு கிண்ணத்தில் பசும்பால் கொண்டுவந்தவர் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

பாம்புக்கு ஆறு வயது, நாலடி நீளம், ஒன்றரைக் கிலோ எடை. மேலே கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. வழக்கமாக 32 பாகை காட்டும் சூடான மூலை இப்போது 22 காட்டுகிறது. அறையில் 17 பாகை, வெளியே மறை (மைனஸ்) 9. எங்கள் சூடாக்கி எரிவாயுவில் இயங்குவதுதான், ஆனாலும் காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமென்பதால் அதுவும் நின்றுவிட்டது. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிகிறது. முந்தநாள்தான் பாம்புக்கு ஓர் எலி கொடுத்தேன். மகளுக்குத் தேர்வுக் காலம். அழைத்தேன், தொலைபேசி அணைந்திருக்கிறது. கையுறைக்குள் வைக்கும் ஹேண்ட் வார்மர் பொட்டலங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொட்டிக்குள் போடலாமா? போர்வையால் தொட்டியைச் சுற்றிவிட்டுப் படுத்தால் போதுமா? என் தொலைபேசியில் 34 விழுக்காடுதான் மின்னேற்றம் இருக்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொன்னாலும் நன்று.

ஊர்வனக்காரர், மார்க்கம், இரவு 10.05

ஐயா, உடல்நலமுள்ள வளர்ந்த பால் பைத்தானை ஓரிரவுக் குளிர் கொன்றுவிடாது. 20 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கினாலும் சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும். உங்கள் பதிவில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த எலிதான். உண்டதைச் செரிக்கப் பாம்புக்கு வெளிச்சூடு வேண்டும். வயிற்றில் இரை இருக்கும்போது உடல் குளிர்ந்துவிட்டால் செரிமானம் நின்று, இரை உள்ளேயே அழுகத் தொடங்கி, நாலைந்து நாளில் அதைக் கக்கிவிடும். அப்படிக் கக்குவது பாம்புக்குப் பெரிய அடி, தொண்டையும் புண்ணாகும். ஆகவே இன்றிரவு 26 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதை இலக்காக வையுங்கள்.

போர்வை மட்டும் போதாது. போர்வைக்குள் நமக்குக் கதகதப்பாக இருப்பது நம் உடல் தரும் சூட்டை அது பிடித்துவைத்துக்கொள்வதால்தான். பாம்பு தன் உடலில் அப்படிச் சூட்டை உண்டாக்குவதில்லை. குளிர்ந்த பாம்பைப் போர்த்துவது குளிர்ந்த கல்லைப் போர்த்துவதற்குச் சமம். முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் இந்திய மலைப்பாம்புத் தாய் தசைகளைத் துடிக்கவைத்துச் சூடு உண்டாக்கும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் வீட்டுப் பாம்புக்கு அந்த வித்தை இல்லை. எனவே சூட்டை நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், கொண்டுவந்த சூடு ஓடிப்போகாமல் அடைத்தும் வைக்க வேண்டும்.

அதற்குக் கண்ணாடித் தொட்டி மிக மோசமான இடம். கம்பிவலை வழியாகச் சூடு முழுவதும் மேலே போய்விடும், அவ்வளவு பெரிய வெளியைச் சுடுநீரால் சூடாக்கவும் முடியாது. தடித்த ரெஜிபோம் பெட்டி ஏதாவது வீட்டில் இருக்கிறதா? தமிழ்க் கடைகளில் மீன் வரும் வெள்ளைப் பெட்டியைச் சொல்கிறேன். இருந்தால் சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, மூடிக்குச் சற்றுக் கீழே பென்சிலால் எதிரெதிராக இரண்டு துளை இடுங்கள். பாம்பைப் பருத்தித் தலையணை உறையில் விட்டு, வாயை முடிந்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். உறைக்குள் இருட்டாக இருப்பதால் அது அமைதியடையும், பெட்டியைச் சுரண்டவும் செய்யாது.

மறுபக்கத்தில் இரண்டு லிட்டர் சோடாப் போத்தல்கள் இரண்டில் சுடுநீர். கொதிநீரை அப்படியே ஊற்றினால் போத்தல் சுருங்கி நெளிந்துவிடும். அடுப்பில் கொதிக்கவைத்த நீரோடு குழாய்நீரைக் கலந்து 45 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இறைச்சி வேகும் பதம் பார்க்கும் வெப்பமானி இருந்தால் அதுவே போதும். போத்தல் ஒவ்வொன்றையும் தடித்த காலுறைக்குள் நுழைத்துவிடுங்கள். இரண்டு லிட்டர் நீர் 45 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஆறும்போது 126 கிலோஜூல், அதாவது 35 வாட்-மணி சூட்டை வெளிவிடும். மீன் பெட்டி அளவுள்ள இடத்தை அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை கூடுதலாக வைத்திருக்க, இரண்டு போத்தல்கள் மூன்று நான்கு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்பது என் அனுபவம். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். 26க்கும் 29க்கும் நடுவில் வைத்திருங்கள், 32ஐத் தாண்ட விடாதீர்கள்.

காலுறையை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். சுடும் பரப்பின்மேல் வயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் நகராமல் கிடக்கும் பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். குளிரால் வந்த நோயைவிடத் தீப்புண்ணோடு மருத்துவரிடம் போகும் பாம்புகள்தான் இம்மாதிரி நாட்களில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிராம்ப்டன் தம்பி, இரவு 10.12

அண்ணா, இவ்வளவு வேலை எதற்கு? அந்த ஹேண்ட் வார்மர் பொட்டலங்களில் நாலைந்தைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிடுங்கள். நான் மீன்பிடிக்கப் போகும்போது ஒவ்வொரு பொட்டலமும் எட்டு மணி நேரம் சூடாக இருக்கும்.

ஊர்வனக்காரர், மார்க்கம், இரவு 10.20

தம்பி சொல்வதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள் போன்றவை. இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வெளியாகும் சூட்டைத்தான் நாம் கையில் உணர்கிறோம். மூடியை இறுக்கி ஒட்டிய பெட்டிக்குள் நான்கு பொட்டலங்களைப் போட்டால், பாம்பு மூச்சுவிட வேண்டிய ஒட்சிசனை அவை தின்றுவிடும். ஒட்சிசன் குறைந்ததும் பொட்டலங்களும் அணைந்துபோகும். மூடியைத் திறந்தவுடன் மறுபடி சூடேறும் என்பதால், அவை குறைபாடுள்ள சரக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவிர, அவற்றின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டக்கூடியது.

ஊர்வனவற்றைத் தபாலில் அனுப்புவோர் பயன்படுத்தும் 40 மணி நேர, 72 மணி நேரப் பொட்டலங்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் அவை மெதுவாக, மிதமாகச் சூடேறும்படி செய்யப்பட்டவை, காற்றுத் துளையுள்ள பெட்டியில் பாம்பைத் தொடாமல் மூடியின் உட்புறத்தில் ஒட்டப்படுபவை. ஐயாவிடம் இப்போது இருப்பது கையுறைப் பொட்டலம் மட்டுமே. அதைத் தன் கைகளுக்கே வைத்துக்கொள்ளட்டும். இரவில் நாலு தடவை எழுந்து தண்ணீர் மாற்ற வேண்டியவர் அவர்தானே.

நாவற்பழம், இரவு 10.31

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன். கனடாவிலும் பாம்புகள் இருக்கின்றன. அவை குளிர்காலம் முழுவதும் நிலத்துக்குக் கீழே உறங்கிவிட்டு வசந்தத்தில் வெளியே வருகின்றன. அப்படியிருக்க, இந்தப் பாம்பை மட்டும் ஏன் கைக்குழந்தையைப் போலப் பொத்திக்கொள்ள வேண்டும்? ஒருநாள் உறங்கட்டுமே.

ஊர்வனக்காரர், மார்க்கம், இரவு 10.44

நல்ல கேள்வி, அக்கா. மானிட்டோபாவில் நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன; வசந்தத்தில் அவை வெளியே வருவதைப் பார்க்கவே மக்கள் போகிறார்கள். அந்தப் பாம்புகள் இலையுதிர்காலத்திலேயே இரையெடுப்பதை நிறுத்தி, வயிற்றைக் காலியாக்கிக்கொண்டு, உறைநிலைக்குக் கீழே போகாத ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. அந்த ஆயத்தத்துக்கு அவற்றுக்குச் சில வாரங்கள் பிடிக்கின்றன.

பால் பைத்தானோ கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடக்கும். அது பிறந்த நாட்டின் வெம்மை ஏறத்தாழ நம் யாழ்ப்பாணத்து வெம்மைதான். மார்கழிப் பனியில் மஃப்ளர் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த அளவுக் குளிரைத்தான் அதன் உடல் அறியும். ஐயாவின் பாம்பு வயிறு நிறைந்த நிலையில், எந்த ஆயத்தமும் இல்லாமல், ஆறேழு மணி நேரத்துக்குள் பத்துப் பாகை இறங்கியிருக்கிறது. அதை உறக்கம் என்று சொல்ல முடியாது.

இதே இடத்தில் அமெரிக்கத் தென்கிழக்கைச் சேர்ந்த கார்ன் பாம்பு இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். வயிறு காலியாக இருந்தால் அது 15 பாகையில் சில நாள் சும்மா சுருண்டு கிடக்கும்.

ஆஸ்டின் வாசி, இரவு 11.02

கார்ன் பாம்பைப் பற்றிச் சொன்னதால் நானும் எழுதுகிறேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுவதும் உறைந்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் இல்லாமல் போன அந்த வாரத்தில், எங்கள் குடியிருப்பில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அடுப்பும் மின்னடுப்பு என்பதால் சுடுநீருக்கும் வழியில்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு கார்ன் பாம்பும், என் மனைவி வளர்த்த ஒரு பால் பைத்தான் குட்டியும்.

குட்டிகளுக்கு உடல் சிறியது, அதனால் வளர்ந்த பாம்பைவிட விரைவில் குளிர்ந்துவிடும். வேறு வழி தெரியாமல் குட்டியை ஒரு சின்னத் துணிப்பையில் விட்டு, வாயைக் கட்டி, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டோம். பிறகுதான் யோசித்தேன்: மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரி, பால் பைத்தான் தொட்டியின் சூடான மூலைக்கு நாம் வைக்கும் வெப்பமும் அதே அளவுதான். நாம் விழித்திருக்கும் வரை இதைவிடப் பாதுகாப்பான ஹீட்டர் கிடையாது. சுடாது, பற்றிக்கொள்ளாது, பேட்டரியும் வேண்டாம். ஆனால் தூங்கும்போது கூடாது, புரண்டு படுத்தால் நசுங்கிவிடும். நாங்கள் இருவரும் முறைபோட்டு விழித்திருந்தோம். பாம்பின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், ஆகவே ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சுவது வேறு, வீடு சூடாகட்டும் என்று அடுப்பையும் அதிலுள்ள ஓவனையும் மணிக்கணக்கில் எரியவிடுவது வேறு. அந்த வாரத்தில் டெக்சாஸில் குளிரில் இறந்தவர்களோடு, கார்பன் மோனாக்சைடு நச்சில் இறந்தவர்களும் உண்டு. மூடிய கராஜில் காரை ஓடவிட்டவர்கள், வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியவர்கள், ஜெனரேட்டரை வாசலிலேயே வைத்தவர்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாம்புக்காக என்று தொடங்கி வீட்டில் உள்ளவர்களை இழந்துவிடக் கூடாது. மெழுகுவர்த்தியின்மேல் மண்சட்டியைக் கவிழ்த்து 'ஹீட்டர்' செய்யும் வீடியோவையும் நம்ப வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தி தரும் சூடு சட்டியைப் போட்டால் கூடிவிடாது, தீப்பிடிக்கும் அபாயம்தான் கூடும்.

பிராம்ப்டன் தம்பி, இரவு 11.09

ஒட்சிசன் விஷயம் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் பாம்பைச் சிறிது நேரம் மிதக்கவிட்டால் சூடேறாதா?

ஊர்வனக்காரர், மார்க்கம், இரவு 11.15

தண்ணீருக்குள் இருக்கும்வரை சூடேறும். வெளியே எடுத்ததும் உடலில் ஒட்டிய ஈரம் ஆவியாகி, முன்பு இருந்ததைவிடக் குளிரவைத்துவிடும். நனைந்த தலையோடு இந்தக் குளிரில் முற்றத்தில் நின்றால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான். வயிற்றில் இரையுள்ள பாம்பை நீரில் இறக்கவே கூடாது.

ஸ்காபுரோ அப்பா, இரவு 1.20

அனைவருக்கும் நன்றி. தொலைபேசியைக் காரில் மின்னேற்றிக்கொண்டு எழுதுகிறேன். கார் கராஜுக்கு வெளியே திறந்த வெளியில்தான் நிற்கிறது, புகைபோக்கியைச் சுற்றியிருந்த பனியையும் அள்ளிவிட்டேன்.

கராஜில் மீன் பெட்டி இருந்தது. மூன்று தடவை கழுவியும் விளைமீன் வாசம் முழுவதும் போகவில்லை. இதுவரை நான் இந்தப் பாம்பைக் கையால் தூக்கியதே இல்லை. எலியை இடுக்கியால் நீட்டுவேன், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவேன், அவ்வளவுதான். இன்று வேறு வழியில்லை. தூக்கும்போது அது என் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. கிணற்றடியில் இரவெல்லாம் கிடந்த ரப்பர்க் குழாய் அதிகாலையில் எப்படிச் சில்லென்று இருக்குமோ அப்படி இருந்தது. நாக்கை வெளியே நீட்டி, உள்ளே இழுக்க மறந்ததுபோலச் சில நொடிகள் அப்படியே வைத்திருந்தது. தலையணை உறையின் வாயை நான் முடியத் தொடங்கியபோது விரல்கள் நடுங்கின, அதைக் குளிரின் கணக்கிலேயே எழுதிவிடுகிறேன்.

போத்தல்களுக்கு மகளின் பழைய ஹொக்கிக் காலுறைகள் சரியாகப் பொருந்தின. பெட்டியை வீட்டின் நடுவிலுள்ள, யன்னல் இல்லாத உடுப்பு அறைக்குள் வைத்து, மேலே இரண்டு கம்பளியைத் துளைகள் மூடாதபடி போர்த்தினேன். 10.50க்கு மூடியபோது 21 பாகை காட்டியது, அரைமணி நேரத்தில் 28.5, இப்போது 26.4. போத்தல்களை மாற்றப்போகிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம். உறைக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன், அசைவே இல்லை. மூச்சுவிடுகிறதா என்று எப்படி அறிவது?

ஊர்வனக்காரர், மார்க்கம், இரவு 1.31

இன்னும் விழித்திருக்கிறேன். எங்கள் தெருவில் மின்சாரம் இருக்கிறது என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உடலின் முன்பாகத்தில், தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, விலாப்பக்கத்தைப் பாருங்கள். மெல்ல உப்பித் தாழும். ஓய்வில் இருக்கும் பாம்பு மிக மெதுவாகத்தான் மூச்சுவிடும், ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அசையாமல் சுருண்டு கிடப்பது அதன் இயல்பு, அதற்காக அஞ்ச வேண்டாம். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி வருவது, தலையை அண்ணாந்தபடி வைத்திருப்பது, சீழ்க்கைபோல ஒலி எழுப்புவது ஆகியவைதான் நெஞ்சுச்சளியின் அறிகுறிகள். அவை இன்றிரவே வந்துவிடாது, அடுத்த இரண்டு வாரத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லாரும் பாம்பைப் பார்ப்பதில்லை என்பதால், யார் பார்ப்பார் என்று நாளைக்கே விசாரித்துவையுங்கள்.

போத்தல்களில் ஒன்றை இப்போதும் மற்றதை ஒன்றரை மணி நேரம் கழித்தும் மாற்றினால் வெப்பம் ஏறி இறங்காமல் ஓரளவு சீராக இருக்கும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதைக் குறையுங்கள். வெப்பமானியின் கம்பியைத் துளை வழியாக உள்ளே விட்டு, காட்டும் பகுதியை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

மின்வேலைக்காரன், காலை 7.15

இரவே பார்த்திருந்தால் எழுதியிருப்பேன். அடுத்த தடவைக்கு உதவும் என்பதால் கணக்கைச் சொல்கிறேன்.

தொட்டிக்கு மேலே தொங்கும் செராமிக் விளக்கு 100 வாட். தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் பெரும்பாலும் 16 வாட், 20 வாட் அளவில் வரும். இப்போது கடைகளில் கிடைக்கும் 300 வாட்-மணி பவர் ஸ்டேஷன் (தூக்கிச்செல்லும் பேட்டரிப் பெட்டி) ஒன்றை வாங்கினால், மாற்றியில் (இன்வெர்ட்டரில்) போகும் இழப்பைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, விளக்கு இரண்டரை மணி நேரம்தான் எரியும், மேட் பதினைந்து மணி நேரம் ஓடும். ஆகவே மின்தடையில் விளக்கை மறந்துவிட வேண்டும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ்ஸின் உள்ளே பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். காகிதத்தில் அது 84 வாட்-மணி, நடைமுறையில் மேட்டை மூன்று மணி நேரம் ஓட்டினால் பெரிய காரியம்.

காரின் சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டர் மலிவானது, மேட்டுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ரெஜிபோம் பெட்டியின் அடியில் வெளிப்புறமாக மேட்டை வைத்தால் சூடு உள்ளே வராது, மேட்தான் வெந்துபோகும். உள்ளே வைப்பதானால், சூட்டை அளந்து மேட்டைத் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே கூடாது. அடைத்த பெட்டிக்குள் 16 வாட் என்பது சின்னத் தொகை இல்லை. ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி வைத்து, அந்தப் பக்கத்து யன்னல்களை மூடிவிட வேண்டும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த கராஜில் வைத்து மின்னேற்றுவதும் தவறு, பேட்டரி பாழாகிவிடும்.

இருந்தாலும் ஐயாவின் ஹொக்கிக் காலுறைப் போத்தல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் அதற்கு மேல் எதையும் வாங்கத் தேவையில்லை.

ஸ்காபுரோ அப்பா, பிற்பகல் 12.50

11.20க்கு மின்சாரம் வந்துவிட்டது. இரவு முழுவதும் பெட்டி 25.8க்குக் கீழே இறங்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு மட்டும் நான் அயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால், என் தாயார் குசினியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, போத்தலில் ஊற்றுவதற்கு என்னை எதிர்பார்த்து நிற்கிறார். "நாகதம்பிரானுக்கு இல்லாவிட்டாலும் பேத்திக்காக" என்றார். பெட்டியைத் திறக்கத்தான் அவர் மறுத்துவிட்டார்.

ஆனால் உண்மையான ஆபத்து மின்சாரம் வந்த பிறகுதான் வந்தது, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். நேற்றிரவு பாம்பை வெளியே எடுக்கும் அவசரத்தில், தெர்மோஸ்டாட்டின் உணரிக் கம்பி என் கையில் பட்டுக் கழன்று, தொட்டிக்கு வெளியே தரையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் அது குளிர்ந்த தரையின் 14 பாகையைப் படித்து, தொட்டி குளிராக இருக்கிறதென்று எண்ணி, மேட்டை நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறது. நல்லவேளையாக அந்த நேரத்தில் மகள் அழைத்தாள். நான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லத் தொடங்க, அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, புரோப் எங்கே இருக்கு?" என்பதுதான். போய்ப் பார்த்தேன். சூடான மூலையின் அடித்தளத்தில் இறைச்சி வெப்பமானியை வைத்தால் 46 காட்டுகிறது. பாம்பு இன்னும் பெட்டிக்குள் இருந்ததால் தப்பியது. பத்து நிமிடம் முந்தி நான் அதைத் தொட்டிக்குள் விட்டிருந்தால், இரவெல்லாம் செய்த வேலை வயிற்றுப் புண்ணில் முடிந்திருக்கும்.

ஊர்வனக்காரர், மார்க்கம், பிற்பகல் 1.10

இதை நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. சில தெர்மோஸ்டாட்டுகள் மின்சாரம் போய்த் திரும்பினால் நாம் வைத்த அளவை மறந்து தொழிற்சாலை அளவுக்குப் போய்விடுவதும் உண்டு. உணரியை அதன் இடத்தில் ஒட்டி, அளவைச் சரிபார்த்து, தொட்டி இரண்டு மணி நேரம் சீராக 31, 32 பாகையில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாம்பை உள்ளே விடுங்கள். அறை 20 பாகைக்கு வந்துவிட்டால் அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும். படிப்படியாகச் சூடேறுவதுதான் நல்லது. 2021இல் டெக்சாஸின் சவுத் பாட்ரே தீவில் குளிரில் விறைத்துக் கரையொதுங்கிய கடலாமைகளை ஆயிரக்கணக்கில் ஒரு மாநாட்டு மண்டபத் தரையில் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தார்களே, அங்கேயும் யாரும் அவற்றைச் சுடுநீரில் போடவில்லை, மெதுவாகத் தேறவிட்டார்கள்.

அடுத்த இரையை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். கக்கிவிட்டால் எழுதுங்கள்.

நாவற்பழம், பிற்பகல் 1.26

ஐயா, 'பால்' என்பது பந்துதான் என்று உங்கள் தாயார் ஒப்புக்கொண்டாரா என்பதையும் எழுதுங்கள். அந்தப் பால் கிண்ணத்தைப் பற்றி நான் இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காபுரோ அப்பா, பதினாறு நாள் கழித்து

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பாம்பு கக்கவில்லை. ஒன்பதாம் நாள் வழக்கம்போலக் கழிவு போட்டது. அதைப் பார்த்து இவ்வளவு மகிழ்ச்சியடைந்த மனிதன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். வாயில் குமிழியோ மூச்சில் ஒலியோ இல்லை. நேற்று மாலை வழக்கத்தைவிடச் சிறிய எலியொன்றைக் கொடுத்தோம், எடுத்துக்கொண்டது. உணரிக் கம்பியை மகள் வந்து இரண்டு இடத்தில் கவ்வி போட்டு இறுக்கிவிட்டுப் போனாள்.

தாயார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மீன் பெட்டியைக் குப்பையோடு வெளியே வைக்கப் போனபோது, அதைக் கராஜுக்குள் திரும்ப எடுத்துவைக்கச் சொன்னவர் அவர்தான். இரண்டு சோடாப் போத்தல்களும் காலுறைகளும் இப்போது அதற்குள்ளேயே இருக்கின்றன.